கண்ணாடிக்குள் இருப்பவனும் சாவி வைத்திருப்பவளும்

திகில் காமிக்ஸில் வரும் பேய்க்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் பக்கத்தில் இன்னொரு பேயைக் கொண்டுவந்து நிறுத்தினால் இரண்டுமே பயமுறுத்தாது. கொஞ்ச நேரத்தில் எது பெரியது, எது ஜெயிக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். கணக்குப் போடுகிறவனுக்குப் பயம் வராது. டார்க் ஹார்ஸ் வெளியிட்ட 'ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர்' நல்ல சாகசக் கதைதான், ஆனால் முதல் 'ஏலியன்' படத்தில் இருந்த அந்த மூச்சுத்திணறல் அதில் கிடையாது. 2015இல் வந்த 'ஆர்ச்சி வெர்சஸ் பிரிடேட்டர்' இதைப் புரிந்துகொண்டு நேராகக் கேலிக்கே போய்விட்டது. ரிவர்டேலின் பள்ளிப் பிள்ளைகளை ஒரு வேற்றுக்கிரக வேட்டைக்காரன் துரத்துகிறான், நாம் சிரிக்கிறோம். அது நேர்மையான வழி என்றுதான் சொல்வேன்.

பிரச்சினை எளிமையானது. திகிலுக்குத் தெரியாத ஒன்று வேண்டும். இரண்டு தொடர்களைச் சந்திக்க வைக்கும் கதையோ இரண்டையும் தெரிந்த வாசகரை நம்பித்தான் விற்கிறது. தெரிந்தவரை அட்டைப்படத்திலேயே பார்த்து, "அட, இவரும் வர்றாரா" என்று சந்தோஷப்பட்ட பிறகு, அவரைப் பார்த்து எப்படி நடுங்குவது?

ஜோ ஹில் எழுதி கேப்ரியல் ரொட்ரிகஸ் வரைந்த 'ஹெல் அண்ட் கான்' இந்தச் சிக்கலுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். பாதி பதில் என்று வேண்டுமானால் சொல்லலாம். 'லாக் அண்ட் கீ' தொடரும் 'சாண்ட்மேன்' உலகமும் சந்திக்கும் கதை இது. ஐடிடபிள்யூவும் டிசியும் சேர்ந்து வெளியிட்டன. 2020இல் ஒரு முன்னோட்ட இதழ், 2021இல் இரண்டு இதழ்கள். அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன இடத்துக்குள் ஹில் முயன்றிருப்பது சின்ன விஷயம் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 'லாக் அண்ட் கீ' 2008 முதல் 2013 வரை ஆறு பாகங்களாக வந்தது. மாசசூசெட்ஸில் லவ்கிராஃப்ட் என்ற கற்பனை ஊர், அதில் கீஹவுஸ் என்ற பழைய வீடு. தகப்பன் கொலையுண்ட பிறகு மூன்று பிள்ளைகள் அம்மாவோடு அங்கே குடிவருகிறார்கள். வீட்டில் மறைந்திருக்கும் சாவிகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. ஒரு சாவியைப் போட்டுக் கதவைத் தாண்டினால் உடல் செத்து விழும், ஆவி மட்டும் வெளியே பறக்கும். இன்னொன்றைக் கழுத்தில் செருகினால் தலை திறக்கும், உள்ளே இருக்கும் நினைவுகளைக் கையால் எடுத்து வெளியே போடலாம். கின்ஸி தன் பயத்தையும் கண்ணீரையும் அப்படித்தான் பிடுங்கி ஒரு புட்டியில் அடைக்கிறாள். அதற்கு அவள் கொடுக்கும் விலைதான் கதை. (தமிழில் சாவி என்ற சொல் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றது. ஆனாலும் இந்தத் தொடரைப் படிக்கும்போது அதற்குள் 'சா' இருப்பதை என்னால் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.)

'சாண்ட்மேன்' 1989 முதல் 1996 வரை 75 இதழ்கள். நீல் கெய்மன் எழுதியது. கனவின் அரசன் மார்ஃபியஸைப் பற்றியது. இதற்கு மேல் அறிமுகம் தேவைப்படாது.

இரண்டையும் இணைப்பது ஏன் கஷ்டம் என்பதை என் தொழில் வழியாகத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். நான் குழாய்களோடு வேலை செய்கிறேன். அமெரிக்கத் தரத்தில் செய்த ஃபிளாஞ்சையும் ஐரோப்பியத் தரத்தில் செய்த ஃபிளாஞ்சையும் நேருக்கு நேர் வைத்துப் போல்ட் போட முடியாது. பார்க்க ஒரே அளவுபோல இருக்கும், துளைகள் ஒத்துவராது. முரட்டுத்தனமாக இறுக்கினால் பிறகு கசியும். இந்த இரண்டு தொடர்களின் துளைகளும் அப்படித்தான் ஒத்துவராதவை. ஹில்லின் உலகம் விதிகளால் ஆனது. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பூட்டு, ஒரு விளைவு, ஒரு வரம்பு. அங்கே திகில் பிறப்பது விதி மீறப்படும்போது இல்லை, விதி தவறாமல் நடக்கும்போதுதான். சாண்ட்மேனில் அப்படிப்பட்ட விதி கிடையாது. அங்கே இருப்பது கடமைகள், பழைய வாக்குறுதிகள், உபசார முறைகள். கனவரசன் தன் அதிகாரத்தால் ஜெயிப்பதைவிடத் தன் கடமையால் தோற்பதுதான் அதிகம். விதிகளின் ஆளைக் கடமைகளின் உலகத்துக்குள் நேராக அனுப்பினால், ஒரு சாவியைப் போட்டுக் கடவுளைத் திறந்துவிடுகிற அபத்தத்தில் போய் முடியும்.

ஹில் கண்டுபிடித்த இணைப்புத் துண்டு எளிமையானது, அதனாலேயே அழகானது. கனவரசனே இல்லாத காலத்துக்குள் அவர் நுழைகிறார்.

சாண்ட்மேன் முதல் இதழில் ரோடரிக் பர்ஜஸ் என்ற மாந்திரீகன் 1916இல் மரணத்தைப் பிடிக்கச் சடங்கு செய்கிறான். தவறிப்போய் மரணத்தின் தம்பியைப் பிடித்துவிடுகிறான். கனவரசன் 1988 வரை, 72 வருடங்கள், இங்கிலாந்தில் ஒரு மாளிகையின் நிலவறையில் கண்ணாடிக் கோளத்துக்குள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். அந்த இதழ் இந்த 72 வருடங்களைச் சில பக்கங்களில் ஓட்டிவிட்டுப் போய்விடும். ஹில் அந்த ஓட்டத்தின் நடுவில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். முதல் உலகப்போர் முடிந்து சில வருடங்கள். மேரி லாக் என்ற பெண் அமெரிக்காவிலிருந்து பர்ஜஸின் வீட்டு வாசலுக்கு வருகிறாள். அவளுடைய அண்ணன் ஜாக் செத்துப் பத்து வருடமாகிறது. அவன் நரகத்தில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவனை வெளியே கொண்டுவர வேண்டும்.

இங்கே நான் முன்னே சொன்ன சிக்கல் தலைகீழாகிறது. நமக்குத் தெரியும், மேரிக்குத் தெரியாது. அவள் பேரம் பேசிக்கொண்டிருக்கும் ஆளின் நிலவறையில் யார் இருக்கிறார் என்று நமக்குத் தெரியும். அவர் வெளியே வர இன்னும் எத்தனையோ வருடம் ஆகும் என்பதும் தெரியும். மார்ஃபியஸ் வந்து காப்பாற்றுவான் என்று இந்தக் கதையில் யாரும் எதிர்பார்க்க முடியாது, கேலண்டர் அதை அனுமதிக்காது. இரண்டு பிரபலங்கள் கைகுலுக்கும் காட்சிக்காகக் காசு கொடுத்த வாசகருக்கு ஹில் கொடுப்பது ஒரு காலி நாற்காலி. நம் பரிச்சயத்தையே அவர் பயமாக மாற்றிவிடுகிறார். இந்த ஒரு முடிவுக்காகவே இந்தக் கதை மற்ற சந்திப்புக் கதைகளிலிருந்து தனியே நிற்கிறது.

பர்ஜஸைத் தேடி வருவதும் தற்செயல் இல்லை. மரணத்தைப் பூட்டி வைக்க முயன்றவன் அவன். மரணத்திடமிருந்து ஒருவனை மீட்க நினைப்பவள் இவள். யோசித்துப்பார்த்தால் இருவரின் ஆசைக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. கதை அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, நல்லவேளை.

ஜாக் ஏன் நரகத்தில் இருக்கிறான் என்பதற்கு முன்கதை ஒன்று உண்டு. 2020இல் வந்த 'இன் பேல் பெட்டாலியன்ஸ் கோ' என்ற மூன்று இதழ்க் கதை. 1915. வயது போதாத பையன். போருக்குப் போகத் துடிக்கிறான். வீட்டில் இருக்கும் சாவிகளை வைத்துப் போரையே முடித்துவிடலாமே என்பது அவன் வாதம். அப்பா சேம்பர்லின் லாக் மறுக்கிறார். மகன் சாவிகளோடு போய்விடுகிறான். மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. நல்லவர்கள் பக்கம் இருப்பவன் கையில் மந்திரம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட இரக்கமில்லாத பதிலை நான் காமிக்ஸில் பார்த்ததில்லை. அந்தத் தலைப்பு சார்ல்ஸ் சார்லி என்ற ஸ்காட்லாந்துக் கவிஞரின் சொற்கள். 1915 அக்டோபரில் லூஸ் போர்க்களத்தில் செத்தபோது அவருக்கு வயது 20. அந்தக் கவிதையில் செத்த சிப்பாய்கள் அணிவகுத்து வருவது நம் கனவுகளின் வழியாக. போர்க்கதையின் தலைப்பிலேயே கனவுக்கு ஒரு வழி வெட்டி வைத்திருக்கிறார் ஹில். அடுத்த கதை சாண்ட்மேனுக்குள் போவதை அப்போதே யோசித்திருந்தாரா என்பது முக்கியமில்லை. துளைகள் ஒத்துப்போகின்றன.

சாண்ட்மேனும் அதே மண்ணில்தான் முளைத்தது. கனவரசன் பிடிபட்டதும் உலகெங்கும் சிலர் தூங்கி எழாமல் போகிறார்கள். கெய்மன் இதை எடுத்தது நிஜத்திலிருந்து. போர்க்காலத்தில் ஆரம்பித்து 1920கள் வரை பரவிய 'என்செஃபலைட்டிஸ் லெத்தார்ஜிகா' என்ற தூக்க நோய் அது. ஆக இரண்டு தொடர்களுக்கும் பொதுவான உண்மையான பேய் ஒன்று உண்டு. அதன் பெயர் 1914 முதல் 1918 வரை. 'ஹெல் அண்ட் கான்' சிறப்பாக இருக்கும் பக்கங்களிலெல்லாம் அந்தப் போர் அறைக்குள் நிற்கிறது.

ஓவியத்தைப் பற்றிக் கொஞ்சம். ரொட்ரிகஸ் சிலி நாட்டுக்காரர், கட்டடக்கலை படித்தவர். அது அவருடைய ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும். கீஹவுஸின் படிக்கட்டில் எத்தனை படி என்று எண்ணலாம் போலிருக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கும், எல்லாம் ஒத்துப்போகும். லாக் அண்ட் கீயில் இரத்தம் அதிகம் என்பார்கள். என்னைப் பயமுறுத்துவது இரத்தம் இல்லை, அந்த வீடு அவ்வளவு நம்பும்படி இருப்பதுதான். சாண்ட்மேன் இதற்கு நேர் எதிர். சாம் கீத், மைக் ட்ரிங்கன்பெர்க், கெல்லி ஜோன்ஸ், ஜில் தாம்ப்சன், மார்க் ஹெம்பல் என்று கை மாறிக்கொண்டே போனது. ஒரே முகம் பத்து முகமாக வந்தது. முதன்முதலில் படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது, போகப்போக அதுதான் சரி என்று பட்டது. கனவில் யாருக்கு ஒரே முகம் இருக்கிறது?

அந்த உலகம் ரொட்ரிகஸின் ஸ்கேலுக்குள் வந்ததும் என்ன ஆகிறது? எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அரசன் இல்லாமல் சிதைந்துகொண்டிருக்கும் கனவுலகம்கூட, எந்தச் சுவர் எங்கே இடிந்தது என்று சொல்லிவிடக்கூடிய அளவுக்குத் துல்லியமாக இருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு, அதைக் குறை சொல்லவே மனம் வராது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அது கனவு மாதிரி இல்லை. ஒரு நல்ல கட்டடக் கலைஞர் கனவை அளந்து வரைந்த வரைபடம் மாதிரி இருக்கிறது. நரகத்துக்கு வரும்போது இதே துல்லியம் பலமாகிவிடுகிறது, ஏனென்றால் நரகம் யாரோ யோசித்துக் கட்டிய இடம்.

எனக்கு உண்மையான வருத்தம் நடுப்பகுதியில்தான். மேரி கனவுலகத்துக்குள் நுழைந்ததும் கதை சுற்றுலா வழிகாட்டியாக மாறுகிறது. இதோ மர்ம வீடு, இதோ காயீன், இதோ ஆபேல். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் தெரிந்த முகம். நான் முதல் பத்தியில் பயந்தது இங்கே நடந்துவிடுகிறது. இரண்டே இதழ் இருக்கும்போது, அதில் இத்தனை பக்கத்தை வணக்கம் சொல்வதற்கே செலவழிக்கலாமா?

ஆனால் அந்த மர்ம வீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு, அதைத் தெரிந்துகொண்டு படித்தால் கோபம் கொஞ்சம் குறையும். 'ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி' 1951இல் டிசி தொடங்கிய திகில் இதழின் பெயர். 1954இல் காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்ததும் பேய், இரத்தக்காட்டேரி எல்லாம் போய் அது வெறும் புதிர்க்கதையாகச் சுருங்கியது. 1960களின் கடைசியில் திரும்பத் திகிலுக்கு வந்தபோது, கதைகளை அறிமுகப்படுத்திப் பேசும் ஆளாகக் காயீன் வந்தான். பக்கத்து இதழான 'ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்'க்கு ஆபேல். கெய்மன் இவர்களை எடுத்துத் தன் கனவுலகத்தில் குடிவைத்தார். அதாவது சாண்ட்மேனே மற்றவர்களின் வீடுகளைச் சேர்த்துக் கட்டியதுதான். அங்கே ஒரு லாக் நுழைவதில் எந்தத் தீட்டும் இல்லை. வாசகரைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரிக்கும் காயீனோடு பயம் சேராது என்பது வேறு விஷயம். அவன் வேலையே நம்மைப் பயத்திலிருந்து ஒரு அடி தள்ளி உட்கார வைப்பதுதான்.

கதை திரும்ப உயிர்பெறுவது நரக வாசலில். இங்கேதான் இரண்டு தொடர்களும் நிஜமாக மோதிக்கொள்கின்றன என்று நினைக்கிறேன்.

லாக் அண்ட் கீயில் கடலோரக் குகைக்குள் ஒரு கறுப்புக் கதவு உண்டு. அதற்குப் பின்னால் இருப்பவை நம் பாவபுண்ணியம் அறியாதவை. அவற்றுக்கு வேண்டியது உள்ளே வர ஒரு உடல். உடல் கிடைக்காமல் வாசலைத் தாண்டினால் முணுமுணுக்கும் இரும்பாக உறைந்துவிடும், அந்த இரும்பில்தான் சாவிகள் வார்க்கப்படுகின்றன. யாரும் அங்கே தண்டனைக்காக அனுப்பப்படுவதில்லை. அது நீதி இல்லாத இருட்டு. சாண்ட்மேனின் நரகமோ முழுக்க முழுக்க நீதியைப் பற்றியது, அதுவும் விநோதமான நீதி. 'சீசன் ஆஃப் மிஸ்ட்ஸ்' பகுதியில் லூசிஃபர் நரகத்தை இழுத்து மூடுகிறான். ப்ரெஷாவ் என்ற ஒரு ஆன்மா போக மறுக்கிறது. நான் செய்த பாவங்கள் எவ்வளவு பெரியவை தெரியுமா என்று பட்டியல் போடுகிறது. உன் பெயரை இன்று ஒருவருக்கும் நினைவில்லை என்கிறான் லூசிஃபர். யாரையும் நாங்கள் பிடித்து வைக்கவில்லை, தங்களுக்குத் தண்டனை வேண்டும் என்று அவர்களே வருகிறார்கள் என்பதுதான் அங்கே அவன் கட்சி.

இந்த இரண்டில் ஜாக்குக்கு எது பொருந்தும்? ஹில் தன் சொந்தக் கறுப்புக் கதவை விட்டுவிட்டு கெய்மனின் நரகத்தைக் கடன் வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. போரில் தான் செய்ததைத் தானே மன்னிக்காத பையனுக்கு, நீதி இல்லாத இருட்டு போதாது. அவனுக்குத் தண்டனை வேண்டும். அப்படியென்றால் மேரியின் சாவி எந்தப் பூட்டுக்கு? வாசலைத் திறப்பது சுலபம், உள்ளே இருப்பவன் வரச் சம்மதிக்க வேண்டுமே. எல்லாப் பூட்டுக்கும் சாவி உண்டு என்று 12 வருடமாகச் சொல்லிவந்த தொடர், சாவியால் மட்டும் ஆகாத ஒன்றின் முன்னால் வந்து நிற்கிறது. கதை இதை எப்படி முடிக்கிறது என்பதைச் சொல்லப்போவதில்லை. லூசிஃபரோடு நடக்கும் சாமர்த்தியப் போட்டி விறுவிறுப்பானது, ஆனால் எனக்கு அந்தப் போட்டியைவிட இந்தக் கேள்வி பெரியது. ஹில் இன்னும் பத்துப் பக்கம் அதற்குக் கொடுத்திருக்கலாம். காயீனிடமிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

சாண்ட்மேனைப் பற்றி இன்று எழுதும்போது ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. 2024இலிருந்து பல பெண்கள் நீல் கெய்மன் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளைச் சொல்லியிருக்கிறார்கள். சம்மதமில்லாமல் எதுவும் நடக்கவில்லை என்று அவர் மறுத்திருக்கிறார். நண்பர்கள் சிலர் தங்கள் சாண்ட்மேன் தொகுப்புகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள், எனக்கு அதில் வாதமில்லை. நான் இன்னும் எடுக்கவில்லை. ஆனால் திரும்பப் படிக்கும்போது வேறு இடங்களில் கண் நிற்கிறது. தன்னை மறுத்தாள் என்பதற்காக நாடா என்ற பெண்ணைப் பத்தாயிரம் வருடம் நரகத்தில் விட்டவன் மார்ஃபியஸ். முன்பு அதைக் காதல் சோகம் என்று படித்தேன். இப்போது அப்படிப் படிக்க வரவில்லை. 'ஹெல் அண்ட் கான்' அந்த உலகத்தை அதன் அரசனும் இல்லாமல், அதை எழுதியவரின் குரலும் இல்லாமல், ஒரு தங்கையின் கால்களில் நடந்து காட்டுகிறது. குற்றச்சாட்டுகளுக்கு முன் எழுதப்பட்டது என்பதால் ஹில்லுக்கு இந்த நோக்கம் இருந்திருக்க முடியாது. எனக்கு மட்டும் அது உதவியாக இருந்தது.

மேரியைப் பற்றி இன்னும் ஒன்று. மூலத் தொடரில் பெரியவர்களுக்கு மந்திரம் நினைவில் நிற்காது. கண்ணெதிரே நடந்தாலும் அடுத்த நிமிடம் மறந்துவிடும். அந்தப் பிள்ளைகளின் அம்மா நீனா, கணவனைப் பறிகொடுத்துவிட்டுக் குடித்துக் குடித்து உடைந்துபோகும் பெண், இதனாலேயே ஆறு பாகமும் இருட்டில் நிற்கிறாள். தொடரிலேயே எனக்குத் தாங்க முடியாத பகுதி அதுதான். சேம்பர்லின் காலத்தில் அந்த மறதி இல்லை. மேரி வளர்ந்த பெண், எல்லாமே நினைவிருக்கிறது. அண்ணன் என்ன செய்தான், எங்கே இருக்கிறான், வீட்டில் என்னென்ன சாவி இருக்கிறது, எல்லாம். நீனாவால் பிள்ளைகளுக்காகச் செய்ய முடியாமல் போனதை மேரி அண்ணனுக்காகச் செய்யக் கிளம்புகிறாள், அவளுக்கு இருக்கும் ஒரே கூடுதல் வசதி நினைவு. பத்து வருடம் அதை வைத்துக்கொண்டு அவள் எப்படித் தூங்கினாள் என்று கதை கேட்கவில்லை. கனவுலகத்துக்குள் போகும் கதை இதைக் கேட்டிருக்க வேண்டாமா?

படிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டு இதழ்களைத் தனியாகத் தேட வேண்டாம். 2022இல் வந்த 'த கோல்டன் ஏஜ்' தொகுப்பில் சேம்பர்லின் குடும்பத்துக் கதைகளெல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. போர்க்கதைக்கு முன்னால் 'ஓப்பன் த மூன்' என்ற சிறுகதையைப் படித்துவிடுங்கள். அதில் சேம்பர்லின், நோயில் சாகப்போகும் தன் சின்ன மகன் இயனைப் பலூனில் ஏற்றி வானத்துக்குக் கொண்டுபோய், நிலாவைச் சாவி போட்டுத் திறக்கிறார். பின்னால் வெளிச்சம் இருக்கிறது. பையன் உள்ளே போகிறான். அதே அப்பாவின் இன்னொரு மகன்தான் ஜாக்.